சாம்பல் பொம்மைக்கு மேசையில் இடம் உண்டா?

செந்தூல் தூரிகை | வெள்ளி, இரவு 10:40

நேராகவே கேட்டுவிடுகிறேன். வரும் ஜனவரியில் இருந்து நம் ஞாயிறு மேசை ஆட்டத்தில் சாயம் பூசிய மினிகள், அதாவது சாயம் ஏறிய சின்னப் பொம்மைகள், மட்டும்தான் மேசைக்கு வரலாம் என்று விதி வைத்தால் என்ன?

பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவின் பொது அறையில் இரண்டு வருஷமாகக் கூடுகிறோம். அறைக்கு வாடகை கட்டுகிறோம். இடிந்த கட்டடம், தெருவிளக்கு, டாக்சி என்று மேசைக்கு வேண்டியதை எல்லாம் நாமே சாயம் பூசி வைத்திருக்கிறோம். போன ஞாயிறு அதன் மேல் வந்து நின்றது என்ன? ஒட்டிய பசை காய்ந்த கையோடு வந்த சிமெண்டுக் கலர் படை. மார்வெல் கிரைசிஸ் புரோட்டோகால் ஆட்டத்தில் வில்லன் ரெட் ஸ்கல் என்று நினைத்து இரண்டு சுற்று திட்டம் போட்டேன். கடைசியில் அடித்தது இன்னொரு வில்லன் பாரன் ஸீமோவை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் கட்டி.

நான் கேட்பது அதிகம் இல்லை. குறைந்தது மூன்று நிறம், பொம்மை நிற்கும் அடித்தட்டுக்கு ஒரு பூச்சு. கருவிழி தெரிய வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. இது என் கண்டுபிடிப்பும் இல்லை. வார்ஹேமர் 40,000 என்ற மினி போர் ஆட்டத்தின் ஒன்பதாம் பதிப்பு 2020-இல் வந்தபோதே, சாயம் பூசி முடித்த படைக்கு 100-இல் 10 புள்ளி என்று எழுதிவிட்டார்கள்.

எல்லோரும் சொல்லுங்கள். ஞாயிறு இரவு முடிவெடுப்போம்.

சாம்பல் படை | வெள்ளி, இரவு 11:05

"சிமெண்டுக் கலர் படை" என்று சுற்றி வளைப்பதற்கு என் பெயரையே போட்டிருக்கலாம் அண்ணே. கோபித்துக்கொள்ள மாட்டேன். பெயரே அதுதானே.

10 புள்ளி கொடுப்பது வேறு, கதவைச் சாத்துவது வேறு. அந்த விதியில்கூட பூசாமல் வந்தவன் 90 புள்ளிக்கு ஆடலாம். நீங்கள் சொல்வதில் அவன் வாசலோடு திரும்ப வேண்டும். அதுவும் வார்ஹேமர் விதியைத் தூக்கிக்கொண்டு வந்து கிரைசிஸ் புரோட்டோகால் மேசையில் வைக்கிறீர்கள். 2019-இல் வந்த அந்த முதல் பெட்டியில் பத்துப் பொம்மை, அளவுகோல், பகடை எல்லாம் இருந்தன. சாயம் பூசினால்தான் ஆடலாம் என்று எழுதிய தாள் எதுவும் என் பெட்டியில் இல்லை. உங்கள் பெட்டியில் இருந்ததா?

அப்புறம் அந்த ஸீமோ. அவன் கையில் வாள் இருக்கிறது. என் முன்னால் அட்டையும் படத்தோடு விரித்துத்தான் கிடந்தது. "இது யாரு தம்பி" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சதுரங்கத்தில் ஒரு பக்கத்துப் பதினாறு காயும் ஒரே நிறம். குதிரையை யானை என்று நினைத்துத் தோற்றவர் காய்க்குச் சாயம் அடிக்கச் சொல்வதில்லை லா.

எனக்குப் பூச நேரம் இல்லை. அவ்வளவுதான்.

கிள்ளான் கிளிக் | சனி, காலை 7:20

பசியாறிக்கொண்டே படித்தேன், ரொட்டி சானாய் ஆறிவிட்டது.

தம்பிகளா, என்னுடைய ஹீரோகிளிக்ஸ் கதி என்ன? அந்த ஆட்டத்துப் பொம்மை தொழிற்சாலையிலேயே சாயம் பூசி வருவது. 2002-இல் முதல் மார்வெல் தொகுப்பு வந்த காலத்தில் இருந்து சேர்க்கிறேன். அப்போதெல்லாம் அடித்தட்டில் மஞ்சள் வளையம் என்றால் புதியவன், நீலம் என்றால் பழகியவன், சிவப்பு என்றால் கைதேர்ந்தவன். அடி வாங்க வாங்கத் தட்டைத் திருப்ப வேண்டும், கிளிக் கிளிக் என்று பலம் மாறிக்கொண்டே போகும். தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். 2008 நவம்பரில் அதைச் செய்த நிறுவனத்தை மூடுவதாகச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் சந்தோஷப்பட்டார். யார் என்று சொல்லத் தேவையில்லை. மறு வருஷமே வேறு கைக்கு மாறித் திரும்பி வந்துவிட்டது, அவர் சந்தோஷமும் அதோடு போனது.

சாயத்தின் தரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். என்னிடம் ஒரு ஸ்பைடர்மேன் இருக்கிறான், ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று நெற்றியில். சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு. உங்கள் விதிப்படி அந்த நெற்றிக்கண் உள்ளே, தம்பி பிசிறு சீவி அழகாக ஒட்டிய ஸீமோ வெளியே. எனக்குப் புரியவில்லை.

செந்தூல் தூரிகை | சனி, காலை 9:10

அங்கிள், நெற்றிக்கண்ணுக்கு எப்போதும் இடம் உண்டு. யார் பூசினார்கள் என்பது கேள்வி இல்லை.

சாம்பல் தம்பிக்கு ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுர வேலை நடந்தபோது தினமும் சாரத்துக்குக் கீழே நின்று வேடிக்கை பார்ப்பேன். சுதைச் சிற்பங்கள் வெறும் சிமெண்டாக நின்றவரை மேலே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஏதோ கூட்டம், அவ்வளவுதான். நீலம் ஏறிய அன்று கிருஷ்ணர் தெரிந்தார். பச்சை ஏறியதும் மீனாட்சி. கடைசியில் கண் எழுதினார்கள், அதுவரை கீழே நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கை கூப்பினார்கள். சாயம் என்பது வேலை முடிந்த பிறகு போடும் சட்டை இல்லை, அதுவும் வேலைதான்.

சரி, உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் வாங்கிக்கொண்டே இருக்கிறோம், எதையும் முடிப்பதில்லை. வெளிநாட்டில் இருந்து இணையத்தில் வாங்கும் 500 மலேசிய வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியில் இருந்து 10 விழுக்காடு வரி. அதையும் கட்டி வாங்குகிறோம். போன மாதம் மூன்று பெட்டி வாங்கியவர் ஒருவர் இருக்கிறார், தூரிகையை ஈரமாக்கவே இல்லை. கெடு வைத்தால்தான் கை நகரும். எனக்கும் அப்படித்தான் நகர்ந்தது.

சாம்பல் படை | சனி, காலை 9:32

கோபுரத்தோடு நின்றுவிட்டீர்களே, உள்ளே போகவில்லையா? மூலவர் கருங்கல். அவரிடம் யாரும் மூன்று நிறம் கேட்பதில்லை.

கிள்ளான் கிளிக் | சனி, காலை 9:40

அடடா. தம்பிக்கு ஒரு தே தாரேக் என் கணக்கில்.

செந்தூல் தூரிகை | சனி, காலை 9:51

மூலவருக்கு அலங்காரம் உண்டு, பட்டு உண்டு, சந்தனக் காப்பு உண்டு. உங்கள் ஸீமோவுக்கு ஒரு குங்குமப் பொட்டாவது வைத்துக்கொண்டு வாருங்கள், யோசிக்கிறேன்.

இரவுப் பணி | சனி, மாலை 4:15

இப்போதுதான் எழுந்தேன். நான் செந்தூல் அண்ணா பக்கம். "நேரம் இல்லை" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, மன்னிக்கவும். மாதத்தில் பாதி நாள் இரவு வார்டில் நிற்கிறவள் சொல்கிறேன்.

ஒரு பொம்மைக்கு நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் தருவதில்லை. காலை பத்து, பதினோரு மணி வெயிலில் கறுப்பு பிரைமர், அதாவது அடிப்பூச்சு. அது காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் லேசாக வெள்ளை. எங்கே வெளிச்சம் விழும், எங்கே நிழல் என்பதை அந்த வெள்ளையே காட்டிக்கொடுத்துவிடும். மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்த பிறகு ஸ்ப்ரே டின்னைத் தொடாதீர்கள். கோலாலம்பூர் ஈரக்காற்றில் பூச்சு வெளுத்துப்போகும், இல்லை என்றால் அரிசி மாவு தூவின மாதிரி சொரசொரவென்று காயும். அப்புறம் எவ்வளவு நல்ல சாயம் பூசினாலும் அந்தச் சொரசொரப்பு மேலே தெரியும். மாடி வீட்டில் ஸ்ப்ரே அடிக்க முடியாதவர்களுக்குத் தூரிகையால் பூசும் பிரைமர் இருக்கிறது, என் பக்கத்து வீட்டு அக்காவின் வெள்ளைத் துண்டு சாம்பல் ஆன பிறகு நானும் அதற்கு மாறிவிட்டேன்.

அதன் மேல் காண்ட்ராஸ்ட். 2019-இல் வந்த அந்த வகைச் சாயம் தண்ணீராக ஓடும், மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தேங்கும், நிழலைத் தானே போட்டுவிடும். உடைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, பூட்சுக்கும் பெல்ட்டுக்கும் ஒன்று. மூன்று ஆயிற்றா? அடித்தட்டில் வெள்ளைப் பசை தடவி மணல். நான் மீன் தொட்டி மணலை எடுத்தேன், மீன் ஒன்றும் சொல்லவில்லை.

சாயம் காயாமல் இருக்க ஈரத் தட்டு வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சூட்டில் மூன்றாம் நாள் அது நாற ஆரம்பிக்கும். செம்புக் காசு போட்டால் நாறாது என்றார்கள். போட்டேன். காசும் நாறியது.

ஒரு நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதைச் செய்துவிட்டு வந்து, இந்தத் தொப்பி சிவப்பா ஊதாவா என்று நானே முடிவு செய்யும் அந்த ஒரு மணி நேரத்தை எதற்கும் விட மாட்டேன். அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று உண்மையாகவே தெரியவில்லை.

பட்டர்வொர்த் பிசின் | சனி, இரவு 8:02

நான் பட்டர்வொர்த்தில் இருந்து ரயிலில் வருகிறவன். நாலு மணி நேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் இறங்கித் திறந்தால், பூசின மூக்கு எல்லாம் உரிந்து கிடக்கும். உங்களுக்கு என்ன, செந்தூலில் இருந்து கைவீசி வருகிறீர்கள்.

அதோடு என் பொம்மை எல்லாம் நானே வடிவமைத்து வீட்டில் பிசின் 3டி பிரிண்டரில் எடுத்தவை. படலம் படலமாக, ஒரு படலம் 0.05 மில்லிமீட்டர். அந்த நுணுக்கம் சாம்பலாக இருக்கும்போதுதான் தெரிகிறது, நாலு பூச்சு ஏறினால் போச்சு. சிவப்புப் பிசினில் எடுத்தால் மூன்று நிறத்தில் ஒன்று கழிந்ததாக எடுத்துக்கொள்வீர்களா?

இரவுப் பணி | சனி, இரவு 8:20

நுணுக்கம் போகிறது என்றால் சாயத்தைத் தண்ணீர் கலக்காமல் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சு இல்லை. மூக்கு உரிகிறது என்றால் வார்னிஷ் அடியுங்கள், அடித்தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி இரும்புத் தகடு போட்ட டப்பாவில் நிறுத்திக் கொண்டு வாருங்கள். ஒன்றோடு ஒன்று உரசாது.

அப்புறம், போன முறை கையுறை இல்லாமல் அந்தப் பிசினைத் தொட்டதைப் பார்த்தேன். ஒளியில் இறுகாத பிசின் தோலுக்கு ஆகாது. இன்றைக்கு ஒன்றும் செய்யாது, ஒருநாள் திடீரென்று அலர்ஜி பிடித்துக்கொள்ளும், அப்புறம் விடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். கழுவிய ஆல்கஹாலைச் சிங்கில் ஊற்ற வேண்டாம்.

நடுவர் | சனி, இரவு 8:31

பிசின் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே விதியைப் பற்றி மட்டும்.

சாம்பல் படை | ஞாயிறு, அதிகாலை 12:50

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நேரம் இல்லை என்றது பொய். வாணலியில் மீன் பொரிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா நிற்கிறவன் நான்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. பழுப்பும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். சின்ன வயதில் புள்ளிப் படத்துக்குள் எண் தேடும் சோதனையில், மற்ற பையன்கள் சொன்ன எண்ணைக் கேட்டு அதையே சொல்லித் தப்பித்தேன். பிறகு வயரிங் வேலைக்குப் போன இடத்தில் தப்பிக்க முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் வேறு ஒரு குழுவில் ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஹல்க்குக்குச் சாயம் பூசினேன். மூன்று இரவு. நிழல் போட்டேன், தசை ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் வெளிச்சம் ஏற்றினேன். லேபிள் உரிந்த குப்பி, பச்சை என்று நினைத்துத்தான் எடுத்தேன். மேசையில் வைத்ததும் ஒருவர், "இது என்ன, மைலோ குடிச்ச ஹல்க்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன தப்பு என்று தெரியாமலேயே. வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் கேட்டபோதுதான் அது பழுப்பு என்று தெரிந்தது.

ஆல்கஹாலில் ஊறப்போட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்து உரித்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாமே சாம்பல். விதியை எதிர்ப்பதற்கு இது காரணம் இல்லை, மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் நிஜம்தான். ஆனால் "ஏன் வேண்டாம் என்கிறீர்கள்" என்று கேட்டார்கள், அதற்குப் பதில் இது.

இரவுப் பணி | ஞாயிறு, அதிகாலை 3:10

வார்டில் இருக்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன். கேட்ட விதம் தப்பு. மன்னியுங்கள்.

எங்கள் அம்மா வைக்கும் கொலுவில் ஒரு செட்டியார் பொம்மை உண்டு, முகத்தில் சாயமே இல்லை. அதை மேல் படியில் வைக்க மாட்டார். வைக்காமலும் இருந்ததில்லை. நான் என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

கிள்ளான் கிளிக் | ஞாயிறு, காலை 6:45

தம்பி, உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு வரலாறு தெரியாது. 1962 மே மாதம் தேதியிட்ட முதல் காமிக்ஸ் இதழில் ஹல்க் பச்சையே இல்லை, சாம்பல். அந்தக் காலத்து அச்சில் சாம்பல் ஒரு பக்கம் ஒரு மாதிரி, அடுத்த பக்கம் வேறு மாதிரி விழுந்தது. அதனால்தான் இரண்டாம் இதழில் பச்சை ஆக்கினார்கள். அச்சு இயந்திரத்துக்காக மாற்றிய நிறத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

அயர்ன் மேன் மட்டும் என்ன? 1963-இல் முதல் கவசம் சாம்பல். அடுத்த இதழில்தான் தங்க நிறம். உன் படையில் இரண்டு பேருக்கு அசல் நிறமே அதுதான்.

செந்தூல் தூரிகை | ஞாயிறு, காலை 10:20

தம்பி, போன் போட்டேன், எடுக்கவில்லை. பிறகு பேசுகிறேன், அது தனி.

இங்கே எழுத வேண்டியது இது. விதியில் ஒரு வரி சேர்க்கலாம்: நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும், உடல்நிலை காரணமாகப் பூச முடியாதவர்களுக்கும் விலக்கு. மற்றவர்களுக்கு ஜனவரி கெடு அப்படியே.

சாம்பல் படை | ஞாயிறு, காலை 11:02

வேண்டாம் அண்ணே. எனக்கு மட்டும் சலுகை என்று எழுதினால் புதிதாக வருகிறவன் சாம்பல் பொம்மையோடு நிற்கும்போதெல்லாம் "உனக்குக் கண்ணில் ஏதாவது பிரச்சினையா" என்று கேட்பீர்கள். மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டுமா? பூசப் பிடிக்காதவனும் வரட்டும் என்பதுதான் என் கட்சி. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான்.

செந்தூல் தூரிகை | ஞாயிறு, காலை 11:15

பூசப் பிடிக்காதவன் எதற்கு மினி ஆட்டத்துக்கு வர வேண்டும்? காகித அட்டை ஆட்டம் எத்தனையோ இருக்கிறது. பாதிப் பொழுதுபோக்கை வேண்டாம் என்பவனுக்காக மேசையை நாம் ஏன் அழகு செய்கிறோம்?

பட்டர்வொர்த் பிசின் | ஞாயிறு, காலை 11:19

பாதி வேண்டும் என்று நாலு மணி நேரம் ரயிலில் வருகிறவனை நினைத்துப் பாருங்கள் அண்ணே.

கிள்ளான் கிளிக் | ஞாயிறு, மதியம் 12:30

இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். இந்தச் சண்டை ஆரம்பித்தது ஸீமோவையும் ரெட் ஸ்கல்லையும் அடையாளம் தெரியாமல். அதற்கு மருந்து சாயம்தான் என்று யார் சொன்னது? ஹீரோகிளிக்ஸ் பொம்மை ஒவ்வொன்றுக்கும் அடித்தட்டிலேயே பெயர் அச்சடித்திருக்கும். நீங்களும் அடித்தட்டு விளிம்பில் வெள்ளைத் தாள் சுற்றி, கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். என் வயதுக்கு அது சாயத்தைவிட உதவி.

செந்தூல் தூரிகை | ஞாயிறு, மாலை 6:05

அடையாளப் பிரச்சினைக்கு அங்கிள் சொன்னது சரி. பெயர்த் தாள் கட்டாயம், இந்த வாரத்தில் இருந்தே. பூசியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சாயக் கெடுவை ஓட்டுக்கு விட்டேன். எனக்கு ஐந்து, எதிராக ஒன்பது. தோற்றுவிட்டேன், ஆனால் மனம் மாறவில்லை. அடுத்த வருஷம் மறுபடி கேட்பேன். பெட்டி வாங்கி அடுக்குகிறவர்களே, உங்களைத்தான் பார்க்கிறேன்.

சாம்பல் படை | ஞாயிறு, இரவு 9:48

போன் எடுக்காததற்கு மன்னியுங்கள் அண்ணே, உண்மையாகவே வேலையாக இருந்தேன். ஹல்க்கை அலமாரியில் இருந்து எடுத்தேன். கறுப்பு பிரைமர், மேலே சாம்பல், அதற்கு மேல் வெள்ளை. வெளிச்சமும் நிழலும் எனக்கு நன்றாகத் தெரியும், அங்கே யாரும் என்னை ஏமாற்ற முடியாது. அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன். மூன்று நிறம், வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள்.

செந்தூல் தூரிகை | ஞாயிறு, இரவு 9:55

எண்ணுவேன். காற்சட்டை?

சாம்பல் படை | ஞாயிறு, இரவு 9:57

ஊதா. குப்பியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீலமாக இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போங்கள்.